கறுப்புக் காரும் கிழிந்த விரிப்பும்

கிளிக் அண்ணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரில் உட்கார்ந்து போனதும் அதிகமில்லை. மகளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று வாடகைக் காரில் கூடப் போனார். மடியில் துணிப்பை, பக்கத்தில் மகளின் முனகல். அந்த அவசரத்தில் அது என்ன கார், என்ன நிறம் என்று பார்க்காமல் விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லி வருத்தப்பட்டார்.

"பேரன் மூஞ்சியையாவது பார்த்தீங்களா, இல்ல அதையும் விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி.

அப்படிப்பட்ட மனிதர் விடுமுறை நாள் வந்தால் போதும், கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் கார் தேடிப் போய்விடுவார். நல்ல கார் ஒன்று கண்ணில் பட்டால் சொந்தக்காரர் வரும்வரை காத்திருந்து, "சார், உங்க வண்டியை ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்பார். சிலர் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள். சிலர் ஏற இறங்கப் பார்ப்பார்கள். திருடவந்தவன் நோட்டம் பார்க்கிறான் என்று நினைத்து விரட்டியவர்களும் உண்டு. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டுவார்.

அவருக்கு வேலை ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். கட்டடத்தின் பின்பக்கம், பிணவறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே தாழ்வான கூரை போட்ட இடம். காலையில் வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக விரிப்புகள் வந்து இறங்கும். ரத்தம் பட்டது தனி, மருந்து பட்டது தனி, மற்றது தனி என்று பிரித்து, பெரிய பெரிய இயந்திரங்களில் போட்டு, பின்முற்றத்துக் கொடிகளில் காயவைத்து, மடித்து அனுப்ப வேண்டும். கிளிக் அண்ணன் பிரிக்கிற இடத்தில் நின்றார். மூட்டையை அவிழ்த்த நிமிஷமே, மேலே எந்த நோயாளி பிழைத்தான், எவன் கஷ்டப்படுகிறான் என்று ஓரளவு தெரிந்துவிடும். சில நாள் ஒரு விரிப்பைக் கையில் எடுத்ததும் வாய்க்குள் ஒரு பிரார்த்தனை சொல்லிவிட்டுத்தான் இயந்திரத்துக்குள் போடுவார்.

நாளெல்லாம் மனிதர்களின் கறையையே பார்க்கிற கண்ணுக்குக் கறையே ஒட்டாத ஒன்று வேண்டியிருந்ததோ என்னவோ. ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வெளியே வந்தபோது, யாரோ ஒரு நோயாளியைப் பார்க்க வந்தவரின் சிவப்புக் கார் வேப்பமரத்தடியில் நிற்பதைப் பார்த்தார். அப்போதுதான் மழை விட்டிருந்தது. காரின் மேலே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஈரக்கையைத் துடைக்கவும் மறந்து நின்றுவிட்டார். அந்த மாதமே கடிகார ரிப்பேர் கடையில் யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கேமராவை வாங்கினார். துணி மடிக்கிற பெண்கள்தான் கிளிக் அண்ணன் என்று பேர் வைத்தார்கள். ஆஸ்பத்திரி முழுக்க அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

"அண்ணே, என் தங்கச்சி கல்யாணத்துக்குப் படம் எடுக்க வாங்கண்ணே. காரை எடுத்து எடுத்து என்னத்தக் கண்டீங்க?" என்று மடிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள்.

"மனுஷங்களை எடுத்தா கண்ணை மூடிக்குவாங்க, வயித்தை எக்குவாங்க, அப்புறம் நான் கறுப்பா இருக்கேன் குண்டா இருக்கேன்னு என் மேல சண்டைக்கு வருவாங்க. கார் அப்படி எதுவும் சொல்லாதும்மா."

"எங்க மாப்பிள்ளையும் கார் மாதிரிதாண்ணே. வாயே திறக்க மாட்டார். வந்து எடுங்க."

சலவைக்கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். கல்யாணத்துக்குப் போகவில்லை.

காரைப் படம் பிடிப்பது அவர் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. காரின் உடம்பு முழுக்கக் கண்ணாடி மாதிரி. எடுத்துவிட்டுப் பார்த்தால் கதவில் மின்கம்பம் தெரியும், குப்பைத்தொட்டி தெரியும், எல்லாவற்றுக்கும் நடுவில் தொப்பையும் கேமராவுமாக அவரே வளைந்து நெளிந்து நிற்பார். எந்தப் படத்தில் யாருடைய நிழலாவது, உருவமாவது தெரிந்ததோ அதை உடனே அழித்துவிடுவார். கார் மட்டும் இருக்கவேண்டும், வேறு ஈ காக்கை இருக்கக்கூடாது. அதுதான் அவருடைய சட்டம். நூறு எடுத்தால் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றைத்தான் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்துப் பத்திரப்படுத்துவார்.

பின்முற்றத்தில்தான் அவருக்கு வழி பிறந்தது. ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய டாக்டரின் டிரைவர் ஒரு நாள் வண்டி நிறுத்த இடமில்லாமல், துணி காய்கிற கொடிகளின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அது பெரிய டாக்டரின் அப்பா வைத்திருந்த கறுப்புக் கார். டாக்டர் அதைப் பழுதுபார்த்து, மெருகேற்றி, கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்தார். கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்பு அந்தக் கறுப்புக் கதவில் விழுந்தபோது, முன்விளக்கிலிருந்து பின்சக்கரம்வரை பாலை ஊற்றிவிட்ட மாதிரி ஒரே கோடாக வெள்ளை ஓடியது. கம்பமும் இல்லை, குப்பைத்தொட்டியும் இல்லை. காரின் வளைவு மட்டும் தெரிந்தது.

கிளிக் அண்ணனுக்குக் கைகால் ஓடவில்லை. காருக்கு முன்னால் வெள்ளையாகப் பெரிதாக ஒன்றைப் பிடித்தால் போதும், கார் அதை மட்டும்தான் காட்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

நேரே ஸ்டோருக்குப் போனார். புது விரிப்புகளை எண்ணிக் கொடுப்பதும், கிழிந்ததை எண்ணி வாங்கித் தரை துடைக்கிற துணியாக வெட்ட அனுப்புவதும் ஸ்டோர் தம்பியின் வேலை. வயதில் சின்னவன், வாய் நிறைய அண்ணே அண்ணே என்று கூப்பிடுவான். பசித்த நேரத்தில் உரிமையோடு கிளிக் அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டும் போவான்.

"தம்பி, வெட்டப்போற துணியில நாலு மட்டும் முழுசா எனக்குக் குடுப்பியா? கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. படம் எடுக்கறதுக்கு மறைப்பாப் பிடிக்கணும்."

"இதுக்குப் போய்க் கேக்கணுமாண்ணே? கந்தல் துணிக்கு என்ன கணக்கு? எடுத்துட்டுப் போங்க." அவனே குவியலில் கையை விட்டு நாலு விரிப்பை உருவிக் கொடுத்தான். "ஆனா ஒண்ணு. முதல் படம் என் வண்டிதான்."

அப்படியே ஆயிற்று. அவன் அப்போதுதான் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான். அதற்கு முன்னால் ஒரு விரிப்பைப் பிடித்துக்கொண்டு அவனே நின்றான். எடுத்த படங்களில் பாதியில் கதவுக்குள் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது தெரிந்தது. அதையெல்லாம் கிளிக் அண்ணன் வழக்கம்போல் அழித்துவிட்டு, சுத்தமான ஒன்றைக் கொடுத்தார். அதைத்தான் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினான். "புது வண்டியா?" என்று கேட்டவர்களிடம் இல்லையென்று அவன் சொல்லவில்லை.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் சலவைக்கூடத்தில் ஒரு பேச்சு அடிபட்டது. துணி துவைக்கிற வேலையை வெளியில் ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் விடப்போகிறார்கள், இங்கே இருப்பவர்களில் இரண்டு மூன்று பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு வாசல்தான் என்று. மடிக்கிற பெண்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். ஆளாளுக்கு மேலே யாரைப் பிடிக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

கிளிக் அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பெரிய டாக்டருக்கு அந்தக் கறுப்புக் கார்னா உசுருன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"அதை அழகா ஒரு படம் எடுத்துக் குடுங்க. அவர் கண்ணுல படுங்க. இத்தனை வருஷம் அந்த மூலையில நின்னீங்களே, உங்க மூஞ்சி அவருக்குத் தெரியுமா?"

"வேலைக்காகப் படம் எடுக்கறதாடி? எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

"சும்மா ஊரான் காரையெல்லாம் எடுக்கறப்ப இல்லாத என்னவோ இப்ப எங்கேருந்து வந்துச்சு? கடவுள் ஒரு கலையைக் குடுத்தா அது சோத்துக்கும் ஆகட்டுமே."

அவள் சொன்னதில் தப்பில்லை. டிரைவர் மூலமாகக் கேட்டதும் டாக்டர் சம்மதித்தார். விடுமுறை நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன், பின்முற்றத்தில் காரை நிறுத்தினார்கள். சலைன் பாட்டில் மாட்டுகிற ஸ்டாண்டுகளை டிரைவர் உருட்டிக்கொண்டு வந்தார். மூன்று விரிப்புகளை அவற்றில் கட்டினார்கள். நாலாவதைப் பிடிக்க மனைவியைக் கூட்டிவந்திருந்தார்.

"இது ஆஸ்பத்திரித் துணியாச்சே?" என்றாள் அவள், மூலையில் இருந்த முத்திரையைப் பார்த்து. வட்டத்துக்குள் ஓர் இலை, நீல மையில். ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு விரிப்பிலும் அது இருக்கும்.

"வெட்டிப்போடறதுக்கு வெச்சிருந்தது. ஸ்டோர் தம்பிதான் குடுத்தான். முத்திரை கார் பக்கம் திரும்பாம பார்த்துக்கோ."

அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கை கடுத்தது. காற்று ஒரு தடவை துணியைத் தூக்கிப் போட்டது. அவள் பிடித்து இழுத்து அக்குளில் செருகிக்கொண்டாள். மூலை மடங்கிக் கார் பக்கம் திரும்பியது அவளுக்குத் தெரியவில்லை. கேமராவின் பின்பக்கத் திரை தீப்பெட்டி அளவுதான், கிளிக் அண்ணனுக்கும் தெரியவில்லை. வெள்ளைக் கோடு சக்கரத்துக்கு மேலே ஏறி இறங்குகிற அழகில் அவர் மெய்மறந்துபோயிருந்தார். வேலை, காண்ட்ராக்ட் எல்லாம் அந்த நிமிஷத்தில் அவர் நினைவில் இல்லை.

டாக்டர் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கப்பா உயிரோட இருந்தப்பகூட இந்த வண்டி இவ்வளவு அழகா இல்ல" என்றார். சுவர் அளவுக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் மாட்டச் சொன்னார். கிளிக் அண்ணனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். வேட்டியில் சோப்பு வாடை அடிக்குமோ என்று கூச்சமாக இருந்தது.

"உங்களை மாதிரி ஆளையெல்லாம் விட்டுட முடியாது" என்றார் டாக்டர்.

அன்று மாலை புருஷனும் மனைவியும் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். வழியில் அவள், "நான் பிடிச்ச துணிதான் அந்தக் கோடு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வாரம் காண்ட்ராக்ட் கம்பெனியின் ஆள் வந்தார். வேலையை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் துணியை எண்ணிப் பார்ப்பதுதான் அவர் வழக்கம். எண்ணினால் எக்கச்சக்கமாகக் குறைந்தது. இருக்கவேண்டியதில் கால்வாசி இல்லை. ஆஸ்பத்திரி மேனேஜர் ஸ்டோர் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் கிழிந்தது என்றான், வார்டில் காணாமல் போகிறது என்றான், நோயாளிகள் வீட்டுக்குச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள் என்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். துணி எங்கே போனதென்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அதை அந்த ஆண்டவன்தான் அவனிடம் கேட்கவேண்டும்.

கம்பெனி ஆள் மேனேஜருக்காக முன்கூடத்தில் காத்திருந்தார். காத்திருக்கிறவருக்கு வேறென்ன வேலை? எதிரே மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். அன்று காலை முழுக்க அந்த நீல முத்திரையை எண்ணி எண்ணி அவருக்குக் கண் பழகியிருந்தது. கறுப்புக் கதவில், பால் கோட்டின் ஓரத்தில், வட்டத்துக்குள் ஓர் இலை.

"சார், உங்க துணி இங்க இருக்கு" என்றார் மேனேஜரிடம்.

கிளிக் அண்ணனைக் கூப்பிட்டபோது இன்னும் ஏதோ பாராட்டுதான் என்று நினைத்துக்கொண்டு கையைத் துடைத்தபடி போனார். அறையில் டாக்டர், மேனேஜர், ஸ்டோர் தம்பி மூன்று பேரும் இருந்தார்கள். இந்தத் தடவை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"இந்தத் துணி உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?" என்றார் மேனேஜர்.

"ஸ்டோர்லேருந்துங்க சார். வெட்டப்போற துணி. நாலே நாலு. தம்பிதான் குடுத்தான்." அவனைப் பார்த்தார். "சொல்லு தம்பி."

ஸ்டோர் தம்பி தலையைத் தூக்கவில்லை. "நான் எப்பண்ணே குடுத்தேன்?"

அந்த 'அண்ணே'தான் அவரை அடித்தது. திருடன் என்று அவன் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பார். தன் வீட்டில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கேட்கிற அதே குரலில் அண்ணே என்று சொன்னான்.

"தம்பி, உன் வண்டிக்கு முன்னாடி அதே துணியைப் பிடிச்சுக்கிட்டு நீயே நின்னியேப்பா!"

"என் வண்டியைப் படம் எடுத்தீங்க, இல்லைங்கல. துணி நீங்க கொண்டு வந்தது. அது எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்கலண்ணே. பெரியவங்க, கேக்கறது மரியாதை இல்லன்னு விட்டுட்டேன்."

"நாலுதாங்க சார்" என்றார் கிளிக் அண்ணன் மறுபடி.

டாக்டர் கையை உயர்த்தினார். அவர் கோபக்காரர் இல்லை. "படம் நல்ல படம். அதை நான் மறுக்கல. அது வேற, இது வேற. இத்தனை வருஷம் உழைச்ச மனுஷன், போலீஸ் கீலீஸ்னு எதுவும் வேண்டாம். எத்தனை எடுத்தீங்க, யாருக்குக் குடுத்தீங்கன்னு நான் கேக்கப்போறதில்ல. வேலையிலேருந்து நீங்களே நின்னுக்குங்க."

நாலு கந்தல் துணி அந்த ஒரே பேச்சில் காணாமல் போன அத்தனை விரிப்புமாக ஆகிவிட்டது. ஸ்டோர் தம்பி நிம்மதியாக மூச்சு விட்டது கிளிக் அண்ணன் காதில் விழுந்தது.

வெளியே வந்தவருக்குத் திடீரென்று ஓர் எண்ணம். தம்பி விரிப்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நின்ற படங்கள்! கதவுக்குள் அவனும் தெரிந்தான், அவன் கையிலிருந்த துணியும் தெரிந்தது, சிரித்த சிரிப்பும் தெரிந்தது. அதைக் காட்டினால் டாக்டருக்குப் புரியாதா? ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார். கேமராவை எடுத்தார். கம்ப்யூட்டர் கடைக்குப் போய்ப் பத்திரப்படுத்தியதையெல்லாம் திறக்கச் சொன்னார். கார்கள் வந்தன. சிவப்பு, நீலம், வெள்ளை. எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமான கார்கள். எந்தக் கதவிலும் ஒரு மனிதத் தலை இல்லை. இத்தனை வருஷமாகத் தேடித் தேடி அழித்தவர் அவரேதான்.

"என்னண்ணே தேடறீங்க?" என்றான் கடைக்காரன்.

"ஒரு ஆளைத் தேடறேன்ப்பா."

"உங்ககிட்ட ஏதுண்ணே ஆளு? எல்லாம் வண்டிதானே!" என்று அவன் சிரித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

வீட்டில் மனைவி அழவில்லை. அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சோறு போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நெசமா நாலுதானா?"

அவர் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

"இல்ல, கோபப்படாதீங்க. படம்னு வந்துட்டா உங்களுக்குக் கண்ணு மண்ணு தெரியாது. ஒண்ணு கிழிஞ்சா இன்னொண்ணு, அது அழுக்கானா இன்னொண்ணுன்னு எடுத்திருப்பீங்க. அந்தத் தம்பி நம்ம வீட்டுச் சோத்தைத் தின்னவன், அவ்வளவு பெரிய பொய்யா சொல்வான்? எத்தனை எடுத்திருந்தா என்ன இப்போ? குடிச்சுச் சீரழிக்கவா எடுத்தீங்க? நான் ஒண்ணும் நெனச்சுக்கல."

"நாலுதான்டி. நீயும்தானே பிடிச்சே?"

"நான் பிடிச்சது ஒண்ணு. நான் கண்டது அன்னைக்கு ஒரு நாள். சரி, சாப்பிடுங்க."

மன்னிப்பதற்கு டாக்டர் இருந்தார், மேனேஜர் இருந்தார், வீட்டில் அவளும் இருந்தாள். நம்புவதற்குத்தான் ஆள் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, உனக்குத் தெரியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சாமிக்குத் தெரியும்தான். ஆனால் மேனேஜர் அறைக்கு வந்து சாட்சி சொல்லும் வழக்கம் சாமிக்கு இல்லையே.

அந்த நாலு விரிப்பையும் வெளுத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு, கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். வாயில் காவலாளி, நேற்றுவரை வணக்கம் வைத்தவன், உள்ளே விடவில்லை. பொட்டலத்தை வாங்கிவைத்துக்கொண்டான். "இவ்வளவுதானா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். கண்ணாடிக் கதவு வழியாக முன்கூடத்துப் படம் தெரிந்தது. முத்திரை இருந்த இடத்தை ஸ்டூடியோவில் கொடுத்துக் கறுப்பாக்கியிருந்தார்கள். கோடு அந்த இடத்தில் ஒடிந்துபோயிருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்கும் அது தெரிந்த மாதிரி இல்லை.

பிறகு ஒரு தங்கும் விடுதியில் துணி துவைக்கிற வேலை கிடைத்தது. சின்ன இடம், கையால் துவைக்க வேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. மடிக்கிற பெண்களில் ஒருத்தியைச் சந்தையில் பார்த்தபோது, அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டு காய் பொறுக்கினாள். போகும்போது மட்டும் அருகில் வந்து, "எல்லாம் நேரம்ண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். அவளும் மன்னித்துவிட்டாள். கேமரா பெட்டிக்குள் கிடந்தது.

ஒரு விடுமுறை நாள் காலை, வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. ஸ்டோர் தம்பி தன் பழைய காரிலிருந்து இறங்கினான். இப்போது காண்ட்ராக்ட் கம்பெனியிலேயே சூப்பர்வைசர். உடம்பு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

"அண்ணே, எப்படி இருக்கீங்க? அண்ணி, நல்லா இருக்கீங்களா?" நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி வாசற்படியில் உட்கார்ந்தான். "இந்த வண்டியைக் குடுத்துட்டுப் பெருசா ஒண்ணு பார்க்கலாம்னு இருக்கேன்ண்ணே. போன்ல எடுத்துப் போட்டா ஒரு பய திரும்பிப் பார்க்கல. நீங்க எடுத்தா வண்டி தானா வித்துடும். பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காம நாலு படம் எடுத்துக் குடுங்க."

துடைப்பத்தை எடுத்து அடித்துத் துரத்துகிற மனிதர் இல்லை கிளிக் அண்ணன். அடித்துத் துரத்தியிருக்கலாம் என்று இதைக் கேட்கிறவர்களுக்குத் தோன்றும். அவருக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது.

"எடுத்துத் தரேன். எத்தனை வேணும்னாலும் எடுத்துத் தரேன். உங்க அண்ணிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லு."

"என்ன சொல்லணும்ண்ணே?"

"துணி நீதான் குடுத்தேன்னு. நாலுதான் குடுத்தேன்னு."

அவன் தெருவை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை. பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தான்.

"இதுதானா? அட, அண்ணி, துணியை நான்தான் குடுத்தேன். நாலே நாலு. அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் அன்னைக்கு மாட்டிக்கிட்டேன், என்ன பண்ணச் சொல்றீங்க? போதுமாண்ணே? வெயில் ஏறுறதுக்குள்ள ஆரம்பிப்போமா?"

மனைவி இடுப்பில் குடத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சரி தம்பி என்று தலையை ஆட்டினாள்.

கிளிக் அண்ணன் பெட்டியைத் திறந்து கேமராவை எடுத்துத் துடைத்தார். சொன்னது போலவே எடுத்தார். குறை வைக்கவில்லை. பின்கதவின் நசுங்கல் தெரியாதபடி ஒதுங்கி நின்று, அந்தப் பழைய வண்டி புதிதுபோல் மின்னும்வரை திரும்பத் திரும்ப எடுத்தார். கைக்குப் பழைய லாவகம் போகவில்லை. எடுத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் நெஞ்சு லேசாக இருந்தது. கடவுள் தாமதமாக வந்தாலும் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்டோர் தம்பி கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். புழுதி அடங்கியது. கிளிக் அண்ணன் மனைவி பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சந்தோஷம் இருந்தது.

"கேட்டியா? அவன் வாயாலயே சொல்லிட்டான்."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"சொன்னான், சொன்னான். படம் வேணும்னா எதைத்தான் சொல்ல மாட்டான்?" அவள் குரலில் அவர்மேல் கோபமே இல்லை. "நீங்களும் பாவம், அவன்கிட்டப் போய்ச் சொல்லு சொல்லுன்னு கேட்டு வாங்குறீங்க. என்கிட்ட எதுக்குங்க இதெல்லாம்? நான்தான் எப்பவோ மறந்துட்டேனே."

"நாலுதான்டி" என்றார் அவர்.

"சரிங்க, நாலுதான்" என்றாள் அவள், காய்ச்சலில் பிதற்றுகிற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "உள்ள வாங்க, தலையில வெயில் அடிக்குது."